கண்ணைக் காயப்போடும் வெள்ளையணுக்கள்

நாய்களுக்கும் கண் வறண்டுபோகும். காக்கர் ஸ்பானியல், புல்டாக் போன்ற இனங்களில் இது அடிக்கடி வருகிற தொல்லை. கண்ணின் பளபளப்பு போய், பிசுபிசுவென்று பீளை அப்பிக்கொள்ளும். எரிச்சல் தாங்காமல் நாய் முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் கண்ணில் புண் வந்து பார்வையே போய்விடலாம்.

1980களில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரெனீ காஸ்வான் என்ற கால்நடைக் கண் மருத்துவர் இப்படிப்பட்ட நாய்களுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருப்பதுதான் அன்றைய வழக்கம். காஸ்வான் வேறொன்றைச் செய்து பார்த்தார். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை எண்ணெயில் கலந்து நாய்களின் கண்ணில் விட்டார். அந்த மருந்து தண்ணீரில் கரையாது, அதனால்தான் எண்ணெய். பல நாய்களுக்குச் சொந்தக் கண்ணீரே மறுபடியும் ஊறத் தொடங்கியது!

சைக்ளோஸ்போரின் கண்ணுக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை. அது பிறந்த கதையே தனி. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனத்தில், வேலை செய்பவர்கள் வெளியூர் போனால் அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். மண்ணில் வாழும் பூஞ்சைகளில் மருந்து ஏதாவது கிடைக்குமா என்று தேடுவதற்காக. 1969இல் நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா என்ற குளிர்ந்த பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து கிடைத்ததுதான் சைக்ளோஸ்போரின். அது நம் உடம்பின் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களை அடக்கிவைக்கும். வேறொருவரின் சிறுநீரகத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினால், 'இது நம்முடையது இல்லை' என்று டி செல்கள் அதை அழிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் சைக்ளோஸ்போரினைக் கொடுத்துவந்தார்கள்.

இப்போது யோசியுங்கள். டி செல்லை அடக்கும் மருந்தை விட்டால் கண்ணீர் வருகிறது. அப்படியென்றால் அதுவரை கண்ணீரை வரவிடாமல் செய்தது யார்?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் முதலில் கண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டும். அழும்போது வருகிற கண்ணீரைச் சொல்லவில்லை. இந்த வரியைப் படிக்கும்போதுகூட உங்கள் கண்மேல் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஆயிரத்தில் மூன்று பங்கு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஒரு கண்ணில் இருக்கும் மொத்தக் கண்ணீரையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சொட்டு தேறாது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை நாம் இமைக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு முறையும் இமை இந்தப் படலத்தைக் கண் முழுக்கப் புதிதாகப் பூசிவிடுகிறது.

இந்தப் படலத்தைச் செய்ய மூன்று இடங்களிலிருந்து பொருள் வருகிறது. புருவத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே, எலும்புக் குழியில் பதுங்கியிருக்கும் கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகிறது. இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் எண்ணெய் தருகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மெய்போம் 1666இல் இவற்றைப் பற்றி எழுதியதால் இந்தப் பெயர். எண்ணெய் மேலே பரவி நீர் ஆவியாகிவிடாமல் காக்கிறது. வெண்விழியைப் போர்த்தியிருக்கும் சவ்வு இருக்கிறதே, 'மெட்ராஸ் ஐ' வந்தால் சிவப்பாகுமே அது, அதில் கோப்பைச் செல்கள் என்ற செல்கள் இருக்கின்றன. இவை தரும் வழவழப்பான பொருளால்தான் கண்ணீர் வழிந்து ஓடாமல் கண்ணோடு ஒட்டி நிற்கிறது.

கண்ணீரில் கிருமியைக் கொல்லும் பொருளும் உண்டு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1922இல், லைசோசைம் என்ற நொதியைப் பற்றி அறிவித்தார். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதி இது. கண்ணீரில் நிறைய இருக்கிறது. ஆராய்ச்சிக்குக் கண்ணீர் வேண்டுமே! கண்ணருகே எலுமிச்சையைப் பிழிந்து கண்ணீர் வரவழைத்துச் சேர்த்தார்கள் அவரும் அவருடைய உதவியாளர்களும். நீங்கள் தயவுசெய்து அதை முயன்று பார்க்காதீர்கள்.

கண்ணின் முன்னால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் பகுதிக்கு கார்னியா என்று பெயர். தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் ஒளி தடைபட்டுப் பார்வை மங்கிவிடும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணீர்ப் படலம் கெட்டால் கார்னியாவுக்கு ஏன் அவ்வளவு சிரமம் என்று இப்போது புரிகிறதா?

இரத்தம் வராத இடம் என்பதால், கார்னியாவின் நடுப்பகுதியில் நோய் எதிர்ப்புச் செல்களும் இல்லை என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2002வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் சுண்டெலியின் கார்னியாவை இன்னும் கவனமாகப் பார்த்தபோது, நடுவிலும் டென்ட்ரிட்டிக் செல்கள் இருப்பது தெரிந்தது. நீண்ட கிளைகளை நாலாபுறமும் நீட்டிக்கொண்டு, பெரும்பாலும் சும்மா இருக்கும் செல்கள் அவை.

இந்தச் செல்களின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1868இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் தோலுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். கிளை விட்ட சில செல்கள் தெரிந்தன. கிளைகளைப் பார்த்து, அவை நரம்புச் செல்கள் என்று எண்ணினார். அவற்றின் உண்மையான வேலை தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1973இல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன், ஜான்வில் கோன் என்ற இருவரும் சுண்டெலியின் மண்ணீரலில் இதே மாதிரியான செல்களைக் கண்டு, டென்ட்ரிட்டிக் செல் என்று பெயரிட்டார்கள். உடம்பில் எங்கே என்ன புதிதாக நுழைந்திருக்கிறது என்று கவனித்து, அதன் ஒரு துணுக்கை எடுத்துப் போய் டி செல்லிடம் காட்டுவதுதான் இவற்றின் வேலை என்று ஸ்டைன்மன் சொன்னார். பல ஆண்டுகள் நிறையப் பேர் நம்பவில்லை. அவர் விடாமல் ஆராய்ந்தார். 2011 அக்டோபர் 3ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு, செப்டம்பர் 30ஆம் தேதியே அவர் புற்றுநோயால் இறந்துவிட்டிருந்தார். தேர்வுக் குழுவுக்கு அது தெரியாது. இறந்தவர்களுக்கு நோபல் பரிசு தருவதில்லை என்பது விதி. ஆனாலும் அவர் உயிரோடு இருப்பதாக எண்ணி எடுத்த முடிவு என்பதால், பரிசு அவருக்கே உரியது என்று அறிவித்தார்கள். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு காரணத்தால் கண்ணீர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட காற்றாக இருக்கலாம். நாள் முழுக்க ஏ.சி. அறையாக இருக்கலாம். வயதாக இருக்கலாம். எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருக்கலாம். கைபேசியை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, அதுவும் ஒரு காரணம். அப்போது படலத்திலிருந்து நீர் மட்டும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி நீர் வெயிலில் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பு ஏறுகிறதல்லவா, அதே மாதிரி கண்ணின் மேலும் கரிப்பு ஏறுகிறது.

இது கண்ணின் மேற்பரப்புச் செல்களுக்கு ஆகாது. உப்பான நீர் அவற்றுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல்கள் திணறுகின்றன. உடனே சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்களை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். ஆல்ஃபா என்பவை அவற்றில் முக்கியமானவை. ஒரு செல் பக்கத்துச் செல்களுக்கு 'ஆபத்து' என்று சொல்லும் வழி இதுதான். இங்கே கிருமி எதுவும் இல்லை. வறட்சி மட்டும்தான். ஆனால் செல்லிடம் இருப்பது ஒரே எச்சரிக்கை. கிருமி வந்தாலும் அதைத்தான் சொல்லும், காய்ந்துபோனாலும் அதைத்தான் சொல்லும்.

எச்சரிக்கை கேட்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் கிளம்புகின்றன. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் அவற்றில் உண்டு. அவை தம் டி.என்.ஏ.வையே வெளியே வீசி வலையாக விரித்துக் கிருமியைப் பிடிக்கக்கூடியவை. 2004இல் பெர்லின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபோது உலகமே வியந்தது. நல்ல கண்ணீரில், இப்படிச் சேரும் டி.என்.ஏ. இழைகளைக் கரைக்கும் நொதி இருக்கிறது. கடுமையாக வறண்ட கண்ணில் அந்த நொதி போதாமல், இழைகள் கண்ணிலேயே தங்கி எரிச்சலைக் கூட்டுகின்றன.

ஆனால் நோயை நாள்பட இழுப்பது டென்ட்ரிட்டிக் செல்களும் டி செல்களும்தான். சும்மா இருந்த டென்ட்ரிட்டிக் செல் விழித்துக்கொள்கிறது. வறண்ட கண்ணுள்ளவர்களின் கார்னியாவைச் சிறப்பு நுண்ணோக்கியால் பார்த்தால் இவை எண்ணிக்கையில் கூடியிருப்பதும், கிளைகள் நீண்டிருப்பதும் தெரியும். கண்ணின் மேற்பரப்பிலிருந்து ஏதோ ஒரு புரதத் துணுக்கை எடுத்துக்கொண்டு இது கழுத்துக்குப் பயணம் போகிறது. கழுத்தில் நிணநீர் முடிச்சுகள் உண்டு. தொண்டைப்புண் வந்தால் தாடைக்குக் கீழே நெறி கட்டுமே, அவைதான். அங்கே கூடியிருக்கும் டி செல்களிடம் அந்தத் துணுக்கைக் காட்டுகிறது. அது கிருமியின் துணுக்கு அன்று, சொந்தக் கண்ணின் துணுக்கு. ஆனால் ஆபத்து நேரத்தில் வந்த துணுக்கு என்பதால் சில டி செல்கள் அதை எதிரியாக எடுத்துக்கொள்கின்றன. பெருகுகின்றன. இரத்தத்தில் ஏறிக் கண்ணுக்கு வந்து சேர்கின்றன.

வந்த டி செல்களில் ஒரு வகை இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அதனால் கோப்பைச் செல்கள் அழிகின்றன. கண்ணீரை ஒட்டவைக்கும் வழவழப்பு குறைகிறது. இன்னொரு வகை இன்டர்லூக்கின்-17ஐச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் சில நொதிகள் கிளம்பி, கார்னியாவின் மேல்செல்களை ஒன்றோடொன்று இறுக்கிவைத்திருக்கும் பிணைப்பை வெட்டுகின்றன. மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் டி செல்கள் புகுந்து அதன் வேலையைக் கெடுக்கின்றன. கண்ணீர் மேலும் குறைகிறது. உப்பு மேலும் ஏறுகிறது. மறுபடி எச்சரிக்கை, மறுபடி டி செல்கள். வறட்சியால் தொடங்கிய அழற்சி, அதாவது நோய் எதிர்ப்புச் செல்களின் இந்தத் தாக்குதல், இப்போது வறட்சியை உண்டாக்குகிறது.

இதெல்லாம் உண்மைதானா, இல்லை யூகமா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதுதான் அறிவியல். 2006இல் வெளிவந்த ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்லிற்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜெர்ரி நீடர்கார்னும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் செய்தது. எனக்குத் தெரிந்த அழகான சோதனைகளில் ஒன்று.

முதலில் சில சுண்டெலிகளைக் காய்ந்த காற்று வீசும் கூண்டில் வைத்தார்கள். கண்ணீரைக் குறைக்கும் மருந்தும் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடி கண்கள் வறண்டு அழற்சி வந்தது. பிறகு அந்த எலிகளிடமிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்தார்கள். இவற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். அந்த இரண்டாவது கூட்டம் வினோதமானது. உடம்பில் முடி இருக்காது. டி செல்கள் வளர்ந்து தேறும் இடமான தைமஸ் சுரப்பியும் இருக்காது. ஆகவே அவற்றுக்குச் சொந்த டி செல்கள் கிடையாது. எந்த டி செல்லைக் கொடுக்கிறோமோ அது என்ன செய்கிறது என்று குழப்பமில்லாமல் பார்க்கலாம்.

இரண்டாவது கூட்டத்து எலிகள் காய்ந்த காற்றைப் பார்த்ததே இல்லை. சாதாரண அறையில் சுகமாக இருந்தவை. ஆனாலும் அவற்றின் கார்னியாவிலும், வெண்விழிச் சவ்விலும், கண்ணீர்ச் சுரப்பியிலும் அழற்சி வந்தது! உடம்பின் வேறு எந்த உறுப்பிலும் வரவில்லை. செலுத்தப்பட்ட டி செல்கள் கண்ணைத் தேடிப் போய்த் தாக்கியிருக்கின்றன. வறட்சி இல்லாமலே, டி செல்கள் மட்டுமே நோயை ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குக் கொண்டுபோயின. காஸ்வானின் நாய்களுக்கு ஏன் கண்ணீர் திரும்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

பின்னால் வந்த சோதனைகள் இன்னும் சில கண்ணிகளைக் கோத்தன. சுண்டெலிக் கண்ணின் மேற்பரப்பில், துணுக்கு எடுத்துப் போகும் செல்களை முன்கூட்டியே நீக்கிவிட்டால், காய்ந்த காற்றில் வைத்தாலும் அந்தத் தாக்கும் டி செல்கள் சரியாக உருவாவதில்லை. அதே சமயம், ஒருமுறை நோய் வந்த எலிகளில் 'நினைவு டி செல்கள்' தங்கிவிடுகின்றன. அம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராமல் காப்பதும் இதே நினைவாற்றல்தான். இங்கே அது நமக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

டி செல்லும், பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் சேர்த்தே தாக்குகிற நோயும் மனிதர்களில் உண்டு. ஹென்ரிக் ஷோகிரென் என்ற சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் 1933இல் தம் ஆய்வேட்டில் கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு வீக்கமும் இருந்தது. கண் நோயாளிக்கு மூட்டு ஏன் வீங்க வேண்டும் என்று கவனித்ததில்தான் அவருடைய திறமை இருக்கிறது. இது கண்ணோடு நிற்கும் நோய் இல்லை, முழு உடம்பின் நோய் என்று கண்டுகொண்டார். அந்த ஆய்வேட்டுக்கு அவருக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. இன்று அந்த நோய்க்கே அவர் பெயர்தான்.

கண் வறண்டிருக்கிறது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கீழ் இமைக்குள் ஒரு சிறு காகிதப் பட்டையின் நுனியைச் செருகி ஐந்து நிமிடம் வைப்பார். எவ்வளவு தூரம் ஈரம் ஏறுகிறது என்று அளப்பார். ஓட்டோ ஷிர்மர் 1903இல் சொன்ன முறை, இன்றும் நடக்கிறது. ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் கண்ணீர் மிகக் குறைவு. இன்னொரு விஷயம் பலரைக் குழப்பும். கண் வறண்டவர்களில் சிலருக்குக் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும்! கார்னியாவில் நரம்புகள் மிக அதிகம். எரிச்சலை உணர்ந்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, சுரப்பி நீரைக் கொட்டுகிறது. அது தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். படலம் சரியாவதில்லை. உங்கள் பாட்டி 'கண்ணில் தண்ணி வடியுது, உறுத்துது' என்றால் கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

நாய்களுக்குப் பலித்த சைக்ளோஸ்போரின், மனிதக் கண்ணுக்கான சொட்டு மருந்தாக 2002 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் இருக்கும் மருந்தின் அளவு வெறும் 0.05 சதவீதம். விட்டவுடன் பலன் தெரியாது. டி செல்கள் அடங்கப் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். 2016இல் லிஃபிட்டெக்ராஸ்ட் என்ற இன்னொரு மருந்து வந்தது. இது டி செல்லை அடக்குவதைவிட நுட்பமான வேலை செய்கிறது. டி செல் வேறு செல்களோடு ஒட்டிக்கொள்ள ஒரு புரதத்தைப் பயன்படுத்துகிறது. அந்தப் புரதத்தின் மேல் மருந்து உட்கார்ந்துகொண்டால், டி செல்லால் ஒட்ட முடியாது. ஒட்ட முடியாவிட்டால் தாக்கவும் முடியாது.

இத்தனை பேர் வறண்ட காற்றில், ஏ.சி.யில், கைபேசி வெளிச்சத்தில் இருக்கிறோமே, எல்லோருக்கும் ஏன் இந்த நோய் வருவதில்லை? ஏனென்றால் டி செல்களிலேயே மற்ற டி செல்களைக் கட்டுப்படுத்தும் ஒரு வகை உண்டு. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். அமெரிக்காவின் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும் 2001இல், பிறவியிலேயே நோயுற்ற ஒரு வகைச் சுண்டெலியில் பழுதாகியிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஃபாக்ஸ்பி3 மரபணு இல்லாமல் இந்தக் கட்டுப்படுத்தும் செல்கள் உருவாகா என்பது பிறகு தெரிந்தது. மூவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நீடர்கார்ன் குழுவின் சோதனையில் இந்தச் செல்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சாதாரண எலிகளிடமிருந்து இவற்றை நீக்கிவிட்டுக் காய்ந்த காற்றில் வைத்தபோது கண் நோய் இன்னும் கடுமையாயிற்று. நாம் வெயிலிலும் காற்றிலும் அலைந்துவிட்டு வந்தும் கண் தன்னால் சரியாகிவிடுகிறது என்றால், இவற்றுக்கும் அதில் பங்குண்டு. நாள்பட்ட நோயில், இன்டர்லூக்கின்-17 சுரக்கும் டி செல்கள் இவற்றின் கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் போய்விடுகின்றன என்று 2009இல் பாஸ்டனில் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு சோதனை நடந்தது. கட்டுப்படுத்தும் டி செல்களை ஆய்வகத் தட்டில் பெருக வைத்து, தாக்கும் டி செல்களோடு சேர்த்தே முடியில்லாத அந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். கண்ணின் அழற்சி குறைந்தது. கட்டுப்படுத்தும் செல்களைக் கூட்டிக் கொடுக்கக் கொடுக்க, இன்னும் குறைந்தது.